அருச்சுனன் தபசு: முறையாக ஆடியவர்களும் தொழிலாக ஆடுபவர்களும்

மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களைத் தருமராசன், பீமன், அருச்சுனன், நகுல சகாதேவன், திரௌபதி என்று பெயர் சொல்லித்தான் எல்லோரும் பார்க்கிறோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் இவற்றைப் பாண்டவர்களுக்காகச் செதுக்கவில்லை. திரௌபதி ரதத்துக்குள் இருப்பவள் கொற்றவை. பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் ஒட்டியவை. அருகிலுள்ள பெரும்பாறைச் சிற்பம் அருச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இந்த வட்டாரத்து மக்களைக் கேட்டால் அருச்சுனன் தபசு என்பார்கள். திருவிழாக்களில் அருச்சுனன் தபசு மரம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளின் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் தொடங்கும் கூத்து விடியும் வரை நடக்கும். தபசு நாளில் அருச்சுனன் வேடம் கட்டியவர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கடைசியில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் கிடக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். எழுத்து மறுக்கப்பட்ட மக்களிடம் பாரதத்தைக் கொண்டு சேர்த்தது இந்தக் கூத்து.

அதை ஆடியவர்கள் யார்? கூத்தில் பல சாதியினர் உண்டு. ஆனால் பறையர், வண்ணார் போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அது பரம்பரை ‘முறை’யாக இருந்தது என்பதை ஆய்வாளர் ஹன்னே டி புருயின் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். முறை என்றால் ஏதோ உரிமை போலத் தோன்றும். உரிமைதான், கூடவே கட்டாயமும் இருந்தது. ஊர் கூப்பிட்டால் ஆட வேண்டும். கூலி பேச வழியில்லை. அறுவடையில் அளந்து போடும் தானியமே கணக்கு.

மறுத்திருக்கலாமே என்று இன்று கேட்பவர்களுக்குச் செங்கல்பட்டின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1891இல் ஆட்சியர் திரமென்கீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் கையில் இருந்ததையும், எதிர்த்தால் வீட்டைவிட்டுத் துரத்த முடிந்ததையும் அதில் சொன்னார். 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். காலடி மண்ணே சொந்தமில்லாதவர் ஊர்க்கட்டளையை எப்படி மறுப்பார்?

அந்த நிலையிலும் அவர்கள் கட்டிக் காத்த கலை சிறியதல்ல. மரத்தில் செய்த கிரீடம், புஜக்கட்டைகளின் எடையைத் தாங்கி இரவு முழுக்க ஆட வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத நாளில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாட வேண்டும். பல இரவுகளுக்கான பாட்டும் வசனமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். கட்டியக்காரனுக்கோ அந்தந்த ஊருக்கேற்ற பேச்சு அந்த நொடியில் வாயில் வர வேண்டும்.

பிறகு முறை தளர்ந்தது. வெற்றிலை பாக்கு, முன்பணம், பேசிய தொகை என்று கூத்து தொழிலானது. 1990இல் காஞ்சிபுரத்தில் கலைஞர்கள் கட்டைக்கூத்து சங்கம் அமைத்தார்கள். ‘தெருக்கூத்து’ என்ற பெயரில் இழிவு தொனிக்கிறது என்று சொல்லி, ‘கட்டைக்கூத்து’ என்பதையே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஆண்களே பெண்வேடம் கட்டிவந்த கலையில், 2002இல் தொடங்கிய அவர்களின் குருகுலம் பெண்பிள்ளைகளையும் பயிற்றுவித்தது.

நம் இயக்கத்துக்குள் ஒரு பழைய விவாதம் உண்டு. பறையை வீசியெறிவதா, கையில் எடுப்பதா? கூத்துக்கும் அது பொருந்தும். கட்டாயமாக ஆடவைத்தபோது விட்டு விலகியவர்கள் சுயமரியாதைக்காரர்கள். கூலி பேசி, தன் பெயர் போட்டு ஆடுகிறவர்களும் சுயமரியாதைக்காரர்களே. ஆடுவதா வேண்டாமா என்பதை ஊர் தீர்மானிக்கக் கூடாது, ஆடுபவர் தீர்மானிக்க வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்.

சபையில் நீதி கேட்ட பெண்ணின் கதை அது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் அதே திரௌபதியம்மனின் கோயிலுக்குள் தலித்துகள் நுழைய எதிர்ப்பு கிளம்பி, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. திரௌபதியின் கதையைத் தலைமுறை தலைமுறையாகத் தொண்டை கிழியப் பாடிய மக்கள் அவள் வாசலில் நின்று வாதாட வேண்டியிருந்தது. மாமல்லபுரத்தில் கல்லைக் காட்டி அருச்சுனன் தபசு என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, மரத்தில் ஏறிய அந்த மனிதர்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுவோம்.