குதிரை பூட்டிய வயல்

குதிரையால் உழுகிறவர்களைப் பற்றி முதலில் கேள்விப்பட்டபோது எங்களுக்கு அனுதாபமே வந்தது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடுக்கப்பட்டு, இறைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெய் இன்றிக் கிணற்றடிகளில் கிடந்ததைக் கண்டவர்கள் நாங்கள். இயந்திரம் இல்லை என்றால், யாரோ பறித்துவிட்டார்கள் என்றுதான் எங்களுக்குப் புரியும். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதி அமிஷ் மக்களிடம் ஒருவரும் எதையும் பறிக்கவில்லை.

ஐரோப்பாவில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி 18ஆம் நூற்றாண்டில் அங்கு வந்து குடியேறியவர்கள் அவர்கள். (ஒருவகையில் அவர்களும் அகதிகளே.) அன்று அமெரிக்காவில் எல்லோரும் விலங்குகளைக் கொண்டே உழுதார்கள். ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் 1917இல் வந்தது. 1954இல் அமெரிக்கப் பண்ணைகளில் உழவு இயந்திரங்களின் தொகை, குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்த தொகையைத் தாண்டிவிட்டது. இடையில், 1920களில், சில அமிஷ் விவசாயிகளும் இயந்திரத்தை வயலில் இறக்கிப் பார்த்தார்கள். திருச்சபைப் பெரியவர்கள் மறித்தார்கள்.

மறித்தது இயந்திரத்தை அல்ல, அது வயலுக்குள் ஓடுவதைத்தான். கொட்டிலடியில் நின்றபடி பெல்ற் பூட்டித் தானியம் அடிக்கவும் தீவனம் வெட்டவும் அதற்கு அனுமதி உண்டு. இறப்பர் ரயர் கூடாது, இரும்புச் சக்கரம்தான். உலர்ந்த புல்லைக் கட்டும் பொறியில் எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும். அந்தப் பொறியை இழுத்துப் போவது கோவேறு கழுதைகள். கேட்கச் சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஓர் அடி அகலச் சாலாக ஓர் ஏக்கரை உழுது முடிக்க எட்டு மைலுக்கு மேல் நடக்கவேண்டும். இரண்டு மூன்று கொழு வைத்து ஆறு விலங்குகளைப் பூட்டினால் நடை குறையும். என்றாலும் ஒரு குடும்பம் செய்யக்கூடிய நிலத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை இருக்கும்வரை அயலவனின் காணியை விழுங்கத் தேவையில்லை. அறுவடைக்கு அயலவன் வேண்டும். பிள்ளைகளுக்கும் வயலில் வேலை இருக்கும்.

இதைப் புனிதப்படுத்த எங்களுக்கு மனமில்லை. சபைத் தலைமையில் ஆண்கள் மட்டுமே. கட்டுப்பாட்டை மீறித் திருந்தாதவரைச் சபை விலக்கி வைக்கும். நிலத்தின் விலையோடு ஓட குதிரையாலும் முடியவில்லை. குடும்பங்கள் பெருக, காணி கிடைக்காமல், லங்காஸ்டர் அமிஷ் ஆண்களிற் பெரும்பாலானோர் இன்று தச்சுப் பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிறார்கள். அவர்களின் வளவிலும் குதிரை நிற்கிறது. வண்டிக்கு, உழவுக்கு அல்ல.