காஞ்சிபுரம் நெசவும் சாயப் பயிர்களும்

காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளுக்கு இன்று பெரும்பாலும் செயற்கைச் சாயங்களே பயன்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தமிழ்நாட்டுத் துணிகளின் நிறம் செடி, மரம், பூச்சி ஆகியவற்றிலிருந்தே கிடைத்தது. எனவே இப்பகுதியின் சாயத்தொழில் வரலாறு வேளாண்மையோடு பிணைந்தது.

பழைய சாயப் பொருள்கள்

நீல நிறம் அவுரிச் செடியின் இலையிலிருந்து எடுக்கப்பட்டது. பருத்தித் துணிக்குச் சிவப்பு நிறம் தந்தது சாயவேர். இது சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்தில் வளரும் சிறு செடியின் வேர் ஆகும். பட்டுக்குச் சிவப்பு ஏற்ற, மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சியின் சாயம் பயன்பட்டது. மஞ்சள் சாயமேற்றிய நூலை அவுரித் தொட்டியில் தோய்த்தால் பச்சை கிடைக்கும். நிறம் இழையைப் பற்றி நிற்கப் படிகாரமும் கடுக்காயும் உதவின. கடுக்காயுடன் இரும்பு சேர்ந்தால் கருப்பு உண்டாகும்.

செயற்கைச் சாயங்களின் வருகை

1868-இல் கார்ல் கிரேபே, கார்ல் லீபர்மான் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். சாயவேரின் சிவப்புக்குக் காரணமான பொருளும் இதுவே. 1897-இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. அவுரி, சாயவேர் சாகுபடிகள் சரிந்தன.

மலிவு விலை மட்டுமே இதற்குக் காரணமன்று. செடியின் சாயம் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப மாறும். காஞ்சிபுரத்தில் நூலுக்குச் சாயமேற்றிய பின்னரே தறியில் ஏற்றுவர். கோர்வை முறையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைக்கப்படும். இடையில் நூல் தீர்ந்தால், மீண்டும் ஏற்றும் சாயம் முன்னதோடு ஒத்திருக்க வேண்டும். வணிகரும் ஒரே நிறத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். செயற்கைச் சாயம் இத்தேவையை எளிதில் நிறைவேற்றியது.

கலாக்ஷேத்திராவின் பங்கு

நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986) 1936-இல் சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவினார். நடனத்தோடு நெசவும் அங்கு இடம்பெற்றது. பழைய காஞ்சிபுரம் சேலைகளின் அகன்ற கரைகளும் மரபான நிறச் சேர்க்கைகளும் அதன் தறிகளில் மீண்டும் நெய்யப்பட்டன. பின்னர், கமலாதேவி சட்டோபாத்யாயின் ஆதரவுடன் இயற்கைச் சாயம் கொண்ட கலம்காரிப் பணியும் அங்கு வளர்ந்தது. மேடை உடைக்கான தேடல் கைத்தொழில் காப்பாக விரிந்ததற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

சாயப் பயிரின் கால அளவு

இயற்கைச் சாயத்தை நாடும் கலைஞர் நெசவுக்கு முன் பயிரைத் திட்டமிட வேண்டும். துலுக்கச் சாமந்தி ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூத்து மஞ்சள் நிறம் தரும். அவுரி சுமார் மூன்று மாதத்தில், பூக்கும் தறுவாயில் அறுவடையாகும். தழைத்தபின் மீண்டும் அறுக்கலாம். அறுத்த தழையைத் தாமதமின்றி நீரில் ஊறவைத்து, அந்நீரை நன்கு அடித்துக் கலக்கி, அடியில் படியும் நீலத்தைக் கட்டிகளாக உலர்த்துவர். சாயவேருக்கோ இரண்டாண்டு வளர்ச்சி தேவை. ஆகவே ஓராண்டுத் திட்டத்தில் நீலமும் மஞ்சளும் கைகூடும். சாயவேரின் சிவப்பு கைகூடாது.

இன்றைய நிலை

திண்டிவனம் பகுதியில் அவுரி இன்றும் பயிராகிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாயக் கழிவுநீரால் நொய்யல் ஆறு கெட்டதைத் தொடர்ந்து, 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தகைய அனுபவங்கள் செடிச் சாயங்களின் பக்கம் மீண்டும் கவனத்தைத் திருப்பியுள்ளன.

காஞ்சிபுரம் கடைகளில் 'அரக்கு' நிறச் சேலை இன்றும் பெயர் சொல்லிக் கேட்கப்படுகிறது. அச்சேலைகள் பெரும்பாலானவற்றில் அரக்குச் சாயம் இல்லை. பொருள் மறைந்த பின்னும் பெயர் நிலைத்துள்ளது. சாயமேற்றும் முறையை அறிந்தவர்கள் இருக்கும்வரை அப்பொருளையும் மீட்க இயலும்.