புள்ளி வைத்த கோப்புகளின் கதை

மூணு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் வாங்கும் வங்கிக்காரன் வீட்டில், பாத்திரம் பண்டத்துக்கு அடுத்தபடி பத்திரமாகக் கட்டுவது கணினியைத்தான். புதுசு வாங்கினால் பழையதிலிருந்து எல்லாவற்றையும் நட்சத்திரக்குறி போட்டு நகலெடுப்போம். போட்டோ வரும், பசங்க ஹோம்வொர்க் வரும். லினக்சில் பார்த்துப் பார்த்துத் திருத்தி வைத்த தமிழ் விசைப்பலகை மட்டும் வராது! அது இருப்பது '.எம்17என்.டி' என்ற அடைவில். பெயர் புள்ளியில் தொடங்குவதால் நட்சத்திரக்குறி அதைக் கண்டுகொள்ளாது.

இந்தப் புள்ளிக்கு ஒரு சரித்திரம் உண்டு மக்களே. 1970களின் ஆரம்பம், அமெரிக்காவின் பெல் லேப்ஸ். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்சை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடைவிலும் இரண்டு பெயர்கள் தானாகவே இருக்கும். ஒற்றைப் புள்ளி என்றால் இதே அடைவு, இரட்டைப் புள்ளி என்றால் மேலடைவு. பட்டியல் காட்டும் 'எல்எஸ்' கட்டளை இவை இரண்டையும் சேர்த்துக் காட்டித் தொலைத்தது. அதை மறைக்க இருவரில் ஒருவர், 'முதல் எழுத்து புள்ளியானால் விட்டுவிடு' என்று ஒரு சோதனையைச் சேர்த்தார். முழுப் பெயரையும் ஒப்பிட்டிருக்க வேண்டும், சுருக்கமாக முடித்துவிட்டார்கள். அதே பெல் லேப்ஸில் பின்னாளில் சேர்ந்த ராப் பைக் 2012ல் இந்தக் கதையை எழுதினார். விளைவு? முன்னால் புள்ளி வைத்தால் எந்தக் கோப்பும் மறையும் என்று தெரிந்ததும், ஆளாளுக்குத் தங்கள் மென்பொருளின் அமைப்புக் கோப்புகளை நம் வீட்டு அடைவில் ஒளித்து வைத்தார்கள். ஆடிட்டில் இதற்கு வேறு பெயர் சொல்வோம் :-)

சிதறிக் கிடப்பதை ஒரே இடத்தில் சேர்க்க வழி, 1983ல் பெர்க்லியிலிருந்து வந்த 4.2 பிஎஸ்டியோடு யூனிக்சில் பரவியது. சிம்லிங்க்! பழைய லெட்ஜரில் பக்கம் நிரம்பினால் 'தொடர்ச்சி 214ம் பக்கம்' என்று எழுதுவார்களே, அதேதான். கணக்கு அங்கே, இங்கே விலாசம் மட்டும். அதற்கு முன்பே இருந்த ஹார்ட் லிங்க், ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் வைக்கும் ஏற்பாடு. வேறு டிஸ்க்குக்குத் தாண்டாது. சிம்லிங்க் தாண்டும். ஆனால் 214ம் பக்கத்தைக் கிழித்துவிட்டால் விலாசம் அந்தரத்தில் தொங்கும்.

1990களில் பாப் கிளிக்ஸ்டீன் எழுதிய 'ஸ்டோ', நிறுவிய மென்பொருள்களைத் தனித்தனியாக வைத்து இணைப்பு போடுவதற்கென வந்தது. புள்ளிக் கோப்புகளுக்கும் அது கச்சிதம். அவற்றை வீட்டு அடைவுக்குள் ஒரு தனி அடைவில், மென்பொருளுக்கு ஒரு உறையாக வையுங்கள். ஸ்டோவை ஓட்டினால் உரிய இடங்களில் இணைப்பு போட்டுவிடும். அடுத்த ஊருக்கு அந்த ஓர் அடைவு போதும், பென்டிரைவிலோ கிட்டிலோ. புதுக் கணினியில் அதே பெயரில் நிஜக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் ஸ்டோ மறுத்துவிடும். முதலில் அதை நகர்த்துங்கள்.

வங்கிக்காரனாக இன்னொன்று: அந்த அடைவை ஊரார் பார்க்கும் இடத்தில் ஏற்றுவதானால் '.எஸ்எஸ்எச்' உள்ளே இருக்கும் ரகசியச் சாவியையும் கடவுச்சொற்களையும் அதில் சேர்க்காதீர்கள்.