ஓசையின்றி அருகிவரும் ஒட்டகச்சிவிங்கி

தரையில் வாழும் உயிரினங்களுள் மிகவும் உயரமானது எது என்று வினவினால் பாலர் வகுப்புப் பிள்ளைகளும் ஒட்டகச்சிவிங்கி என்று தயங்காது விடை கூறுவர். அந்தளவுக்கு அது அனைவரும் அறிந்த விலங்கு. எனினும், அவ்வாறு அனைவரும் அறிந்திருப்பதே அதற்குப் பாதகமாகவும் அமைந்துவிட்டது. யானைக்காகவும் காண்டாமிருகத்திற்காகவும் குரல் கொடுத்த உலகம், ஆபிரிக்கப் புல்வெளிகளில் ஒட்டகச்சிவிங்கிகளின் தொகை குறைந்து வந்ததை நெடுங்காலமாகக் கவனிக்கத் தவறிவிட்டது.

ஒட்டகத்தைப் போன்ற நீண்ட கழுத்தும் சிவிங்கியைப் போன்ற புள்ளிகளும் கொண்டதால் தமிழில் இதற்கு இப்பெயர் வழங்குகிறது. பண்டைய கிரேக்கரும் உரோமரும் ஒட்டகத்தையும் சிறுத்தையையும் இணைத்தே இதற்குப் பெயரிட்டனர். வளர்ந்த ஆண் விலங்கு 18 அடி வரை உயரமும் ஏறத்தாழ 1,200 கிலோகிராம் நிறையும் கொண்டிருக்கும். பெண் விலங்கு இதனிலும் சற்றுச் சிறியது. ஏறக்குறைய 6 அடி நீளமான அதன் கழுத்தில் இருப்பவை 7 முள்ளந்தண்டு என்புகள் மாத்திரமே. மனிதனின் கழுத்திலும் அதே 7 என்புகளே உள்ளன. எண்ணிக்கையில் வேறுபாடில்லை, ஒவ்வோர் என்பும் நீண்டிருப்பதே வேறுபாடாகும்.

இந்த உயரத்திற்கு அதன் உடல் கொடுக்கும் விலை பெரிது. இதயத்திலிருந்து சுமார் 2 மீற்றர் உயரத்திலுள்ள மூளைக்குக் குருதியைச் செலுத்த வேண்டியிருப்பதால், அதன் குருதியமுக்கம் மனிதனுடையதைப் போல் இரு மடங்காக உள்ளது. மனிதனுக்கு அத்தகைய அமுக்கம் நோயாகும்; ஒட்டகச்சிவிங்கிக்கோ அதுவே இயல்பு நிலை. நீரருந்தத் தலையைத் தாழ்த்தும் வேளையில் குருதி மூளையை நோக்கிப் பாய்ந்து தீங்கு விளைவிக்காதிருக்க, கழுத்து நாளங்களிலுள்ள வால்வுகளும் மூளையின் அடியிலுள்ள நுண்ணிய நாடி வலைப்பின்னலும் உதவுகின்றன. கால்களிற் குருதி தேங்கி வீங்காதவாறு அங்குள்ள தடித்த தோல், இறுக்கமான காலுறையைப் போல் அவற்றைப் பற்றிப் பிடித்திருக்கிறது.

கழுத்து ஏன் நீண்டது என்பது குறித்து அறிஞர்களிடையே இன்னமும் கருத்து வேறுபாடு நிலவுகின்றது. ஏனைய விலங்குகளுக்கு எட்டாத இலைகளை உண்பதற்காகவே நீண்டது என்பது பழைய விளக்கம். தென்னாபிரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, உயரமான கிளைகளில் மேயும்போது ஒரு கடிக்குக் கூடுதலான இலை கிடைப்பதைக் காட்டி இவ்விளக்கத்துக்கு வலுவூட்டியது. மறுபுறத்தில், பெண் துணைக்காக ஆண் விலங்குகள் கழுத்தை வீசித் தலையைச் சம்மட்டி போல் மோதிப் போரிடுவதே காரணமென 1996இல் ஆய்வாளர் இருவர் வாதிட்டனர்.

சுமார் ஒன்றரை அடி நீளமான கருநிற நாவினால் வேலமரத்தின் முட்களுக்கிடையே இலைகளைச் சுற்றிப் பறித்து உண்ணும் இவ்விலங்கு, பசுவைப் போல் அசைபோடும் இனத்தைச் சார்ந்தது. இலைகளிலுள்ள நீரே பெருமளவுக்குப் போதுமானதாக இருப்பதால் நீரருந்தாது பல நாட்கள் வாழ வல்லது. இது அதற்குப் பெரும் பாதுகாப்பாகும். ஏனெனில், முன்னங்கால்களை அகல விரித்துத் தலை தாழ்த்தி நீரருந்தும் கணமே சிங்கம் அதன் மீது பாய்வதற்கு வாய்ப்பான கணமாகும்.

கர்ப்பகாலம் ஏறத்தாழ 15 மாதங்கள். வழமையாக ஒரேயொரு கன்றே பிறக்கும். தாய் நின்றவாறே ஈனுவதால், கன்று சுமார் 6 அடி உயரத்திலிருந்து நிலத்தில் விழுந்தே உலகைக் காண்கிறது. ஒரு மணித்தியாலத்திற்குள் எழுந்து நின்றுவிடும். எனினும் சிங்கம், கழுதைப்புலி ஆகியவற்றுக்கு இரையாகி, பல பிரதேசங்களில் பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் முதலாண்டிலேயே மடிந்து விடுகின்றன. இத்தகைய விலங்கின் தொகை ஒருமுறை சரிந்தால் விரைவில் மீளாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அச்சரிவே நிகழ்ந்தது. 1985ஆம் ஆண்டில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேலாக இருந்த தொகை, 2015இல் ஏறத்தாழ 97,500 ஆகக் குறைந்ததாகக் கணிக்கப்பட்டது. காடழிப்பு, விளைநிலங்களின் விரிவாக்கம், இறைச்சிக்கான வேட்டை, உள்நாட்டுப் போர்கள் என்பன இதற்கான காரணங்களாகும். 2016இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் வரிசையிற் சேர்த்தது. 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு, இதன் உடற்பாகங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

அதன் பின்னர் நம்பிக்கையூட்டும் செய்திகளும் வந்துள்ளன. 2025ஆம் ஆண்டின் கணிப்பின்படி தொகை ஏறத்தாழ 1,40,000 ஆகும். இவ்வதிகரிப்பில் ஒரு பகுதி, கணக்கெடுப்பு முறைகள் மேம்பட்டதன் விளைவாகும். ஆனால் மொத்தத் தொகையைக் கண்டு ஆறுதலடைவது தவறு. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில், ஒட்டகச்சிவிங்கி ஒரே இனமன்று, நான்கு இனங்கள் என மேற்படி ஒன்றியம் அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அவற்றுள் தென்பகுதி இனம் 68,000க்கும் அதிகமாக உள்ள போதிலும், வடபகுதி இனத்தில் எஞ்சியிருப்பவை சுமார் 7,000 மாத்திரமே. நான்கையும் ஒன்றாகக் கூட்டிய எண்ணிக்கை, ஓரினத்தின் அவலத்தை நீண்ட காலம் மறைத்து வந்தது.

அந்த வடபகுதி இனத்தின் ஒரு பிரிவே மேற்கு ஆபிரிக்க ஒட்டகச்சிவிங்கி. 1990களின் நடுப்பகுதியில் நைஜர் நாட்டில் 49 விலங்குகளே அதில் எஞ்சியிருந்தன. உலகின் வறிய நாடுகளுள் ஒன்றான நைஜர், வேட்டையைத் தடை செய்து, அவ்விலங்குகள் உலவும் கிராமங்களின் மக்களையும் பாதுகாப்புப் பணியில் இணைத்துக் கொண்டது. இன்று அங்கு 600க்கும் மேற்பட்டவை வாழ்கின்றன. வேலியிட்ட சரணாலயத்தில் அன்றி, உழவரின் வயல்களுக்கும் குடிமனைகளுக்கும் அருகிலேயே அவற்றுட் பெரும்பாலானவை உலவுகின்றன.

நைஜர் புகட்டும் பாடம் எளியது. செல்வம் மிகுந்த நாடுகளால் மாத்திரமே இயற்கையைக் காக்க முடியும் என்பது வெறும் சாக்குப்போக்காகும். எத்தனை எஞ்சியுள்ளன என்பதை நேர்மையாக எண்ணிப் பார்த்து, உரிய காலத்தில் செயற்பட்டால் 49 கூட 600 ஆகும். எவரும் எண்ணிப் பார்க்காவிடின், யாவரும் அறிந்த விலங்கும் எவரும் அறியாமலே மறைந்து போகும்.