சுவரோரத்து மேசை

1940ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அம்பாசடர் ஹோட்டலில் நிகழ்ந்த ஒஸ்கார் விருது வைபவத்திலே, ‘கோன் வித் த விண்ட்’ படத்தில் அடிமைத் தாதியாக நடித்த ஹற்றி மக்டானியல் சிறந்த துணை நடிகையெனப் பரிசு பெற்றார். அவ்விருதினை அடைந்த முதற் கறுப்பினத்தவர் அவரே. ஆயினும், கறுப்பினத்தவரை விருந்தினராக ஏற்காத அம்மண்டபத்துள் அவர் புகுதற்குத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியே அனுமதி கேட்கவேண்டியதாயிற்று. உடன் நடித்தோர் ஒரு மேசையைச் சூழ்ந்திருக்க, அவருக்கோ சுவரோரத்தில் வேறொரு சிறு மேசை இடப்பட்டது.

அவ்விரவே பத்திரிகையொன்று முடிவுகளை முன்கூட்டி வெளியிட்டுவிட்டது. அக்குறையை நீக்க மறு ஆண்டிலேயே முத்திரையிட்ட உறை புகுத்தப்பட்டது. நடிப்புக்காக இவ்விருதினைப் பெற்ற அடுத்த கறுப்பினப் பெண்மணி வூப்பி கோல்ட்பேர்க், ஆண்டு 1991.