கத்துற பிறேக்கின் கதை

டிஸ்க் பிறேக் கீச்சிட்டா கனபேர் முதல்ல செய்யிறது ரெண்டு சொட்டு எண்ணெய் விடுறது. செயினுக்கு அது சரி. பிறேக்குக்கு விட்டா, இறக்கத்தில சைக்கிள் நிக்காது. சத்தத்தை அடக்கிறது வேற, பிழையைத் திருத்திறது வேற. டிஸ்க் பிறேக்கின் வரலாறும் இதைத்தான் சொல்லுது.

1902இல் இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் காருக்கான டிஸ்க் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதில் உராய்வுக்குச் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தில் உலோகம் உரச, காது கிழியும் சத்தம். 1907இல் ஹெர்பர்ட் புரூட், உரசும் பகுதிக்கு அஸ்பெஸ்டஸ் போடும் வழியைக் கொண்டு வந்தார். சத்தம் அடங்கியது. ஆனால் அந்தத் தூசு புற்றுநோயைத் தரும் என்பது உறுதியாகும் வரை பல தலைமுறை மெக்கானிக்குகள் அதைச் சுவாசித்தார்கள். எங்கட கூரைத் தகடுகளில இருக்கிற அதே அஸ்பெஸ்டஸ்தான்.

மவுண்டன் பைக்கின் கதையும் பிறேக்கோடதான் தொடங்குது. 1976இல் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலையிறங்கும் போட்டி வைத்தார்கள். சுமார் 400 மீற்றர் இறக்கம். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிறேக். கீழே வரும்போது ஹப்புக்குள் இருந்த கிறீஸ் புகையாகிவிடும். கழற்றித் திரும்பக் கிறீஸ் அடைக்க வேணும். அதனால் அந்தப் பாதைக்கே 'றீபக்', அதாவது 'திரும்ப அடை' என்று பெயர் வந்தது.

பிறகு றிம்மைப் பிடிக்கும் பிறேக்குகள் வந்தன. சேற்றிலும் மழையிலும் அவை வழுக்கின. 1990களில் மவுண்டன் பைக்குகளில் டிஸ்க் பரவத் தொடங்கியது. கூடவே லான்செஸ்டரின் பழைய கீச்சொலியும் வந்து சேர்ந்தது.

ஏன் கத்துது? பாட் டிஸ்க்கைப் பிடித்து, வழுக்கி, திரும்பப் பிடிக்கிறது. இது ஒரு செக்கனில் பல நூறு தடவை நடந்தால் டிஸ்க் மணி மாதிரி அதிரும். எண்ணெய்ப் பசை, இளகின போல்ட், சரிஞ்ச கலிப்பர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

டிஸ்க் ஆறின பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடையுங்கோ. பாட்டின் முகத்தை மண்கடதாசியால் மெல்லத் தேயுங்கோ. எண்ணெய் ஊறியிருந்தா மாத்துங்கோ. கலிப்பரின் ரெண்டு போல்ட்டையும் இளக்கி, பிறேக்கை அமத்திப் பிடிச்சபடி திரும்ப இறுக்குங்கோ. கடைசியா, சமதரையில ஓடி, முழுசா நிக்காமல் ஒரு 20 தடவை வேகத்தைக் குறையுங்கோ. பிறேக் பிடிக்காமலே ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா 'சிக், சிக்' எண்டு உரசினா டிஸ்க் வளைஞ்சிருக்கு.

இவ்வளவும் செய்து பிடிப்பு நல்லா இருந்தா, மழையில கொஞ்சம் கத்தினாலும் பயமில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கிற பிறேக்கோட மட்டும் மலையிறங்காதேங்கோ.