பேரேடு ஒத்துப்போனால் போதுமா?

காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. தமிழ்ப் புத்தகத்தில் லவாய்சியர் என்று போட்டிருக்கும் பெயர், எங்கள் வாத்தியார் வாயில் 'லவுவாசியே' என்று வரும். அந்த மேதைக்கு வயிற்றுப் பிழைப்பு அரசருக்கு வரி வசூலித்துக் கொடுத்த கம்பெனியில். அந்தத் தொழிலுக்காகவே 1794-ல் தலையையும் வாங்கிவிட்டார்கள். வினைக்கு முன் எடை எவ்வளவோ, பின்னும் அவ்வளவே என்று ரசாயனத்துக்குள் வரவு செலவுக் கணக்கைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

1783-ல் லாப்ளாஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்தார். அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது, அது விடும் மூச்சுக்காற்று எவ்வளவு என்று பார்த்தார். கரி எரிவதோடு ஒப்பிட்டு, மூச்சு விடுவதும் மெதுவாக எரிவதே என்றார். உடம்புக்குப் பேரேடு திறந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் பேரேடு ஒத்துப்போனால் போதுமா? என் உத்தியோகக் காலத்தில் ஒரு மார்ச் கடைசியில், ஒரு தொகை மூன்று கணக்குத் தலைப்புகளுக்குள் சுற்றி வந்தது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு, திரும்பவும் முதலாவதுக்கு. வரவும் செலவும் பைசா சுத்தம். ஆனால் சேர வேண்டியவர் கைக்கு ஒரு ரூபாய் போகவில்லை. "டாலி ஆயிடுச்சில்ல, கையெழுத்தைப் போடுங்க" என்றார் மேலதிகாரி. நானும் போட்டேன்.

செல்லுக்குள் நடப்பதைக் கணினியில் கணக்குப் போடுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற ஒரு சிறு பாக்டீரியாவுக்கே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வேதிவினைகளை எழுதி வைத்திருக்கிறார்கள். எடைக்கணக்கை மட்டும் பார்த்தால், ஒரு பொருள் இரண்டாவதாகி, மூன்றாவதாகி, மறுபடி முதலாவதாகி, தீனியே இல்லாமல் ஓயாமல் சுற்றுவதாக விடை வரும். கணக்கு ஒத்துப்போகும். நிஜத்தில் நடக்காது.

ஏன் நடக்காது? நம் வசிட்ட நதி ஆத்தூரிலிருந்து தலைவாசல் பக்கம் ஓடும். தானாகத் திரும்பி மேடேறாது. வெப்பமும் அப்படித்தான், சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே இறங்கும் என்று 1824-ல் அருவியை உவமை காட்டி எழுதினார் சாதி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர். வேதிவினைக்கும் மேடு பள்ளம் உண்டு. மேடேற வேண்டுமானால் கூலி கொடுக்க வேண்டும்.

அந்தக் கூலிக் காசைக் கண்டெடுத்தவர்களில் ஒருவர் நம் சென்னையில் படித்தவர். பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். கதர் உடுத்தியது பேராசிரியருக்குப் பிடிக்காமல், எம்.பி.பி.எஸ். கிடைக்காது எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார் என்று அவர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து 1929-ல் ஏ.டி.பி.யை அறிவித்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் கண்டார். இந்த ஏ.டி.பி. உடம்பில் எந்த நேரமும் கையிருப்பாகக் கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் ஒரு நாளில் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்குச் செலவாகி மீண்டும் உண்டாகிறது.

ஆண்டிறுதிக் கணக்கு மட்டும் போதாது, நாள்வழிக் குறிப்பும் வேண்டும் என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும். செல்லிலும் அப்படியே. நிமிஷத்துக்கு நிமிஷம் எது எவ்வளவு இருக்கிறது என்று தொடர, ஒவ்வொரு வினையின் வேகமும் வேண்டும். முன்போகும் வேகத்தையும் பின்வரும் வேகத்தையும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, இரண்டும் ஆற்றல் கணக்குக்குக் கட்டுப்பட்டவை என்று 1930-ல் காட்டினார் ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியாவுக்கே வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார். அவர் போட்ட கட்டுப்பாடு இன்றைய மாதிரிகளிலும் நிற்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் செல்லின் வளர்சிதை மாற்றத்துக்கு மாதிரி அமைக்கிறார்கள்.

இதெல்லாம் வெறும் விளையாட்டு அல்ல. நோய்க்கிருமியை எந்த வினையில் மடக்கலாம் என்று இப்படித்தான் தேடுகிறார்கள். பொய்ச் சுற்றை நம்பினால் மருந்து வேறெங்கோ போய் விழும்.

கணக்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேட்டுப் பழகியவன் நான். எங்கிருந்து எங்கே போயிற்று, யாரிடம் சேர்ந்தது என்றும் கேட்டிருக்க வேண்டும். அந்த மார்ச் மாதக் கையெழுத்து இன்றும் என் நினைவில் இருக்கிறது.